சும்மா உட்கார்ந்திருக்க ஓர் ஆள்

யர்மிலாவின் மேசைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ கல்யாணப் படம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு முகம் சுருங்கித் திரும்புவார்கள். அதில் இருப்பது நாலு வரி புரோகிராம். நடுவில் ஒரு வரியில் ஒரு சொல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கெர்னலுக்குள் போன அவளுடைய முதல் பேட்ச், அதாவது முதல் திருத்தம், அது. ஏழு வருடத்துக்கு முந்தியது. எழுதியதற்குச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் ப்ர்னோ நகரத்தில் நிறையப் பேர் உண்டு. அழித்ததற்கு மாட்டியவள் இவள் ஒருத்திதான்.

கெர்னல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாருக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு மெமரி, யார் எப்போது டிஸ்க்கைத் தொடலாம் என்று பங்கு போட்டுக் கொடுக்கிற புரோகிராம். ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் உலகத்துக்கே தெரியும். யர்மிலாவின் உத்தியோகம் அதை நிற்க வைத்துப் பார்ப்பது. சோதனைக்காரி. இருபது மெஷின்களை வரிசையாக அடுக்கி வைத்து, அவற்றை என்னென்ன விதத்தில் வதைக்கலாமோ அப்படியெல்லாம் வதைத்து, எது தாங்கவில்லை என்று எழுதிக் கொடுப்பாள். ஒவ்வொரு மெஷினுக்கும் முன்பக்கம் இரண்டு பொம்மைக் கண்கள் ஒட்டியிருக்கிறாள். வதைபடுகிறவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மனசாட்சி விழித்திருக்கும் என்பது அவள் வாதம்.

அவள் படிப்பு தொழிற்பள்ளியில் மூன்றாம் வருடத்தோடு நின்றது. பள்ளிக்கூட மணியை அடிக்கிற கடிகாரத்தின் பெட்டியைத் திறந்து, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பாடவேளையை நாளுக்கு அரை நிமிடம் சுருக்கிக்கொண்டே வந்தாள். முதல் பத்து நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. இருபதாம் நாள், பிள்ளைகள் எல்லாம் பத்து நிமிடம் முன்னதாகத் தட்டோடு வரிசையில் நிற்க, சூப் கொதிக்கவே இல்லை என்று சமையற்காரம்மா தலைமையாசிரியரிடம் ஓடினாள். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த காவலாளியை எல்லார் முன்னாலும் திட்டினார்கள். மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்தபடி நின்றார். யர்மிலா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், "அவர் இல்ல சார், நான்தான்" என்றாள். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் வருத்தப்பட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு அங்கே இங்கே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பதினாலு வருடம் ஷலினா கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். மற்ற ஊர்க்காரர்கள் டிராம் என்பார்கள். ப்ர்னோவில் அப்படிச் சொன்னால் வெளியூரா என்று கேட்பார்கள். எந்த ஷலினா எங்கே நிற்கிறது, எதற்கு எது வழிவிட வேண்டும் என்று காதில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை.

அந்தக் காலத்தில் தடங்கள் கூடும் சந்திப்புக்கு அருகே ஒரு கொட்டகையில் பழுது வண்டியோடு இரண்டு ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். காலையிலிருந்து மாலை வரை சீட்டாடுவார்கள். வேறு வேலை கிடையாது. புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர் இதைப் பார்த்துக் கொதித்துப்போய், "வீட்டுல இருங்க, தேவைப்பட்டா கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த ஜனவரியில், தண்டவாளத்தில் பனி உறைந்த ஒரு காலையில், சந்திப்பின் நட்டநடுவில் ஒரு ஷலினா தடம் புரண்டு குறுக்கே நின்றது. அதன் பின்னால் பதினொன்று, ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. வீட்டுக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவரான மெக்கானிக் ஓல்த்ரிஹுக்கு யர்மிலா போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்ம்மா."

"எதுல?"

"ஷலினாவுலதான். ஆனா அரை மணியா நகரவே மாட்டேங்குது. முன்னாடி ஏதோ அடைச்சிக்கிட்டு நிக்குது போல. நீங்க கொஞ்சம் பாத்து ஏதாவது பண்ணுங்களேன்!"

அன்று சாயங்காலம் அவள் அந்த மேலதிகாரிக்குப் போன் செய்து கத்தியது பக்கத்து அறை வரைக்கும் கேட்டதாம். "சும்மா உக்காந்திருக்கிறதுதான் சார் அவங்க வேலையே!" அடுத்த வாரமே கொட்டகையில் மறுபடி சீட்டாட்டம் தொடங்கிவிட்டது.

கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி மக்கர் பண்ணும். சரிசெய்ய வருகிறவன் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் யர்மிலாவே திறந்து பார்க்க ஆரம்பித்தாள். திறந்து பார்த்தது படிப்பதில் முடிந்தது. படித்தது நாற்பதாவது வயதில் இந்த அலுவலகத்தில் கொண்டுவந்து விட்டது. நேர்முகத்தில் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு முந்நூறு ஷலினா, பதினாலு வருஷம். ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டதில்ல" என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஊரில் வாங்கிய பட்டம் பேரோடு ஒட்டிக்கொள்ளும். வாசல் மணியில், தபால் பெட்டியில், பல் மருத்துவரின் சீட்டில், எல்லா இடத்திலும். கெர்னலில் கோப்புகளை டிஸ்க்கில் எழுதிவைக்கிற ஃபைல் சிஸ்டம் பகுதியைக் கவனித்துக்கொள்கிற டாலிபோர் ஹ்ரூஷ்கா இஞ்சினியர் பட்டம் பெற்றவர். அதை யாராவது மறந்தால் தொண்டையைச் செருமுவார். மற்ற எல்லாரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அலுவலகத்தில் அவர் ஒருவர் மட்டும் யர்மிலாவை "மேடம்" என்பார், "நீங்க" என்பார். அது மரியாதையா, இடைவெளியா என்று அவளால் ஏழு வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும் முயற்சியாக ஒருமுறை அவருடைய மானிட்டரைத் தினம் ஒரு விரல் அகலம் இடதுபக்கம் நகர்த்திவந்தாள். மூன்றாவது வாரம் மனிதர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தார். கழுத்து வலி என்று டாக்டரிடம் போனதும் யர்மிலா மானிட்டரை ஒரே நாளில் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். மறுநாள் அவர் மேசையில் சூடு வைக்கிற கழுத்துப் பை ஒன்று பேர் இல்லாமல் இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாம் நம்பர் மெஷின் உறைந்தது.

மெஷின் விழுவது வேறு, உறைவது வேறு. விழுகிறது கடைசி மூச்சில் எதனால் விழுகிறோம் என்று எழுதிவைத்துவிட்டு விழும். உறைந்ததோ விசிறி சுற்ற, பச்சை விளக்கு எரிய, பொம்மைக் கண் இரண்டும் நேராகப் பார்க்க, கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கும். மெமரியை விளிம்பு வரைக்கும் நிரப்பி ஓட்டினால் எட்டு ஒன்பது மணி நேரத்தில் உறைந்தது. வெள்ளிக்கிழமை மதியம் புது வெளியீடு போகவேண்டும். அன்று செவ்வாய்.

"டிஸ்க் கோளாறு," என்றார் டாலிபோர், கூட்டத்தில்.

"டிஸ்க்கை மாத்தியாச்சு, இஞ்சினியர் சார்."

"அப்ப மெமரி சிப்."

"அதையும் மாத்தியாச்சு."

"மின்சாரம் ஏறி இறங்குதோ என்னவோ."

"ராசிபலனையும் பாத்துடட்டுமா?" என்றாள் யர்மிலா. எதிர் மேசை ரடிம் காபியை மூக்கு வழியாக விட்டான். "இது ஜாம் சார். ஒருத்தன் இன்னொருத்தனுக்காக நிக்கிறான், அவன் இவனுக்காக நிக்கிறான். எனக்கு இந்த வாசனை தெரியும்."

டாலிபோர் புதன்கிழமை காலை ஒரு பேட்ச்சோடு வந்தார். ஜாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் யர்மிலா சொன்னாள் என்பதற்காக அல்ல.

மெமரி தீர்ந்துபோனால் கெர்னல் இடம் தேடி அலையும். டிஸ்க்கில் எழுதப்படாமல் தேங்கிக் கிடக்கிற பக்கங்களைக் காட்டி ஃபைல் சிஸ்டத்திடம், 'இதையெல்லாம் எழுதிவிடு, இடம் காலியாகட்டும்' என்று கேட்கும். எழுதப்போகிற ஃபைல் சிஸ்டத்துக்கும் கொஞ்சம் மெமரி வேண்டும். அது கெர்னலிடம் கை நீட்டும். 'இடமில்லையே, இரு, ஃபைல் சிஸ்டத்திடம் சொல்லிக் காலி பண்ணித் தருகிறேன்' என்று கெர்னல் அதனிடமே திரும்பி வரும். அதுவோ ஏற்கெனவே ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறது. உள்ளே தாழ் போட்டவனே வெளியே நின்று தட்டிக்கொண்டு, யாராவது திறப்பார்களா என்று காத்திருக்கிற கதை. இதற்கு வைத்தியம் உண்டு. மெமரி கேட்கும்போதே, 'எனக்குக் கொடுப்பதற்காக ஃபைல் சிஸ்டத்தை எழுப்பாதே' என்று ஓர் அடையாளம் சேர்த்துக் கேட்டுவிடலாம். டாலிபோர் அந்த அடையாளத்தைத் தன் புரோகிராமில் நாற்பத்து மூன்று இடத்தில் ஒட்டியிருந்தார்.

"இந்த நாப்பத்து மூணுல எது சார் நிஜமான இடம்?"

"ஏதோ ஒண்ணு. எல்லாத்துலயும் போட்டா அதுலயும் போட்டதா ஆயிடும்ல, மேடம்?"

"வீட்டுல எல்லாரும் அவங்கவங்க கதவுல 'எழுப்பாதே'ன்னு மாட்டிக்கிட்டா குப்பையை யாரு கூட்டுறது? இடம் கிடைக்கலன்னா கெர்னல் என்ன பண்ணும் தெரியும்ல? ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்ல ஒண்ணைப் புடிச்சுக் கொன்னுடும். உறையறதுக்குப் பதிலா கொலை."

"மூணு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். உறையல."

"ஒன்பது மணி நேரம் ஆகுற நோய்க்கு மூணு மணி நேரம் பாத்தா எப்படி உறையும்?"

டாலிபோர் தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி. உங்க பேரு வேணும்."

விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த உலகத்தில் ஒவ்வொரு பேட்சின் அடியிலும் பேர்கள் வரிசையாக நிற்கும். எழுதியவர், படித்துச் சரி சொன்னவர், சோதித்தவர். கோளாறைத் திருத்துகிற பேட்ச் என்றால் இன்னொரு வரியும் வேண்டும்: இந்தக் கோளாறு எந்தப் பழைய பேட்சோடு உள்ளே நுழைந்தது என்று, அதன் எண்ணும் தலைப்பும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் உலகம் முழுக்க லட்சம் பேர் படி எடுத்துவிடுவார்கள். பிறகு யார் நினைத்தாலும் அழிக்க முடியாது. சரியில்லை என்று தெரிந்த ஒன்றின் அடியில் 'சோதித்தவர்: யர்மிலா' என்று நிரந்தரமாக நிற்பதா என்பதுதான் கேள்வி. பட்டம் இல்லாதவளுக்கு ஊர் முழுக்கத் தெரிந்த சொத்து அந்தப் பேர் மட்டும்தான்.

"பந்தயம் வெச்சுக்கலாமா சார்?" என்றாள். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எங்க நிக்குதுன்னு விரலை வெச்சுக் காட்டுறேன். காட்டலன்னா வாயைத் திறக்காம உங்க பேட்சுல கையெழுத்துப் போடுறேன்."

"காட்டிட்டா?"

"ஒரு வருஷத்துக்கு என்னை இஞ்சினியர் மேடம்னு கூப்பிடணும். சாப்பாட்டு வரிசையில, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

டாலிபோர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி," என்றார்.

அவர் போனதும் ரடிம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவன் அவளை யர்கா என்றுதான் கூப்பிடுவான். "யர்கா, தோத்துடுவியே. ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை உறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள எத்தனை தடவை பாப்பே, அஞ்சா?"

"ஜாம் வர்றதுக்கு ஏன் காத்திருக்கணும்? நாமளே உண்டாக்கிடுவோம்."

ஆறாம் நம்பரிலிருந்து மெமரித் தட்டுகளைப் பிடுங்கி ஒன்றை மட்டும் விட்டாள். பெருந்தீனிக்காரி என்று அவள் பேர் வைத்திருந்த சின்னப் புரோகிராம் ஒன்று உண்டு. கிடைக்கிற மெமரியை எல்லாம் வாரி விழுங்கிவிட்டு அசையாமல் உட்காரும். அதைப் பக்கத்தில் உட்கார வைத்து, டிஸ்க்கில் ஓயாமல் எழுதச் சொல்லி இன்னொன்றை முடுக்கினாள். பதினோரு நிமிடத்தில் உறைந்தது. மறுபடி செய்தாள். பதினோரு நிமிடம். மூன்றாவது தடவை பன்னிரண்டு. அவளுக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது, அடித்தாள்.

உறைந்த மெஷினின் பின்பக்கம் சீரியல் கேபிள் செருகி ஒரு சங்கேதம் அனுப்பினால், உயிர் இருக்கிறதோ இல்லையோ, கெர்னல் கடைசியாக ஒன்று மட்டும் செய்யும்: உள்ளே வேலை பார்க்கிற சின்னச் சின்னப் புரோகிராம்களில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பட்டியல் கொடுக்கும். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை காலை அதை அச்சடித்துத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, ஒவ்வொருவனும் எதற்காக நிற்கிறான் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனாள். ரடிம் உரக்கப் படித்தான், அவள் கோடு இழுத்தாள். முன்பு ஷலினாக்களை இப்படித்தான் பிரிப்பாள். வரிசையின் வாலில் நிற்பவன் கத்துவான். அவனை விட்டுவிட வேண்டும். தலையில் நிற்பவனைத் தேட வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு அலுவலகமே சாப்பிடப் போனது. இவர்கள் இருவரும் ரொஹ்லிக் ரொட்டியைக் கடித்துக்கொண்டு தரையிலேயே இருந்தார்கள்.

"இங்க பூட்டே இல்லையே," என்றான் ரடிம். "எல்லாரும் நிக்கிறது பூட்டுக்காக இல்ல. ஒரு வேலை முடியட்டும்னு நிக்கிறாங்க. டிஸ்க்குல எழுதி முடிச்சாச்சுன்னு கணக்கை மூடுற வேலை. அது முடிஞ்சாத்தான் மெமரி காலியாகும்."

"அந்த வேலையை யாரு செய்யறான்?"

ரடிம் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான். "யாருமே இல்ல. வேலை வரிசையில கிடக்கு. எடுத்துச் செய்ய ஆள் இல்ல."

"ஆள் ஏன் இல்ல?"

"ஆள் பத்தலன்னா கெர்னல் புதுசா ஒருத்தனை உண்டாக்கும். ஆள் உண்டாக்குறவன்..." ரடிம் விரலை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். "இதோ நிக்கிறான். எதுக்காக நிக்கிறான்னா... ஒரு ஆளை உண்டாக்க மெமரி வேணும்னு நிக்கிறான்."

யர்மிலா கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. ஆள் வந்தால்தான் மெமரி காலியாகும். மெமரி காலியானால்தான் ஆள் வருவான். பனி உறைந்த காலை, காதில் போன். வந்துட்டே இருக்கேன்ம்மா. நீங்க பாத்து ஏதாவது பண்ணுங்களேன்.

"ஓல்த்ரிஹ்," என்றாள். பிறகு சிரித்தாள். தரையில் காகிதத்தின்மேல் புரளாத குறையாகச் சிரித்தாள்.

இதற்கான வைத்தியமும் கெர்னலில் எப்போதிருந்தோ உண்டு. இந்த மாதிரி வேலை வரிசையைத் தொடங்கும்போது ஒரே ஒரு சொல் கூடுதலாக எழுதினால் போதும்; மெமரி தாராளமாக இருக்கும்போதே ஓர் ஆளை உண்டாக்கி ஓரமாக உட்கார வைத்துவிடும். அவன் மாதக்கணக்கில் எதுவும் செய்யமாட்டான். புது ஆள் உண்டாக்க வழியே இல்லை என்கிற நாளில் மட்டும் எழுந்து அந்த வேலையைச் செய்வான். டாலிபோரின் ஃபைல் சிஸ்டத்தில் அந்த வரிசை தொடங்குகிற வரியில் அந்தச் சொல் இல்லை. இத்தனை நாள் தப்பித்ததற்குக் காரணம், மெமரியை விளிம்பு வரை நிரப்ப விடுகிற மாற்றம் இந்த வெளியீட்டில்தான் வந்திருந்தது என்பதே. நாற்பத்து மூன்று அடையாளம் அல்ல, நானூறு ஒட்டினாலும் வராத ஆளை வரவைக்க முடியாது.

"பிடிச்சுட்டே!" என்றான் ரடிம். "பழைய வரலாற்றைப் பாரு, இந்த வரி எந்தப் பேட்சோட வந்ததுன்னு. இஞ்சினியர் சார் பேரு வந்தா நான் பிரிண்ட் எடுத்து லிஃப்ட்ல ஒட்டறேன்."

யர்மிலா தேடினாள். அந்தச் சொல் முதலில் இருந்திருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பேட்ச் அதை நீக்கியிருக்கிறது. தலைப்பு: 'தேவையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளை நீக்குதல்'. விளக்கம்: 'மூன்று நாள் கவனித்ததில் இவன் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை'.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ரடிம்தான் திரையைப் பார்த்து, பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தான்.



"அடிப்பாவி," என்றான் ரடிம், ரொம்ப மெல்ல.

"இது உள்ள போன அன்னிக்குக் கசகசா வெச்ச கோலாச் பன் வாங்கிட்டு வந்தேன். நீயே நாலு தின்னே."

"யர்கா, கேளு. எந்தப் பேட்சால வந்ததுங்கிற வரியை விட்டுட்டு அனுப்பிடலாம். எவ்வளவோ பேர் விடறாங்க. சொல்லைத் திரும்பச் சேர்த்தா போதும். யாரு போய்த் தோண்டப்போறாங்க?"

"வரி இல்லன்னா முதல்ல யாரைப் பாப்பாங்க? ஃபைல் சிஸ்டம் யாரோடது?"

"டாலிபோரோடது."

"அப்ப தொப்பியைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கப்போறது அவரு."

ரடிமுக்குத் தொப்பி புரியவில்லை. ஆனாலும் தரையில் கிடந்த காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினான்.

இரண்டு மணிக்குக் கூட்ட அறையில் யர்மிலா காகிதத்தை மேசை நீளத்துக்கு விரித்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் தாண்டி விரலைக் கொண்டுபோய், ஆள் இல்லாத வேலையின்மேல் வைத்தாள். டாலிபோர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து, சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றார்.

"ஆமா," என்றார். தோற்றவர் குரலாக இல்லை. நல்ல சூப்பைச் சுவை பார்த்தவர் குரலாக இருந்தது. "என் நாப்பத்து மூணும் வீண். அந்தச் சொல்லை எடுத்த புத்திசாலி யாரு?"

"அவர் இல்ல சார், நான்தான்" என்று பல வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே தொனி அவள் வாயில் தானாக வந்து நின்றது. "நான்தான் சார். சுவத்துல மாட்டியிருக்கேனே, அதுதான். பழுதுவண்டி ஆளுங்களுக்காக ஒருத்தர்கிட்ட அந்தக் கத்துக் கத்தினவ, இங்க வந்து முதல் வேலையா அதே ஆளை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். பேட்சுல அந்த வரியும் இருக்கு. எண், தலைப்பு எல்லாம் போட்டாச்சு. பந்தயத்தை ரத்து பண்ணிடலாம்."

டாலிபோர் தன் மடிக்கணினியைத் திருப்பி அந்தப் பழைய பேட்சைத் திறந்தார். அடியில் இரண்டு பேர்கள் இருந்தன. எழுதியவர் யர்மிலா. அதன் கீழே, படித்துச் சரி சொன்னவர்: டாலிபோர் ஹ்ரூஷ்கா.

"நீங்க மூணு நாள் பாத்தீங்க, மேடம்," என்றார். "நான் மூணு நிமிஷம்கூடப் பாக்கல. கோலாச் நல்லா இருந்துச்சு." தொண்டையைச் செருமினார். "உங்க பேட்சை நீங்களே சோதிச்சதா பேர் போடக்கூடாது. வேற ஆள் வேணும்."

"ரடிம் பண்ணட்டும்."

"நான் பண்றேன்."

இருபது வருடத்தில் அவர் ஒரு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்ததாகச் சரித்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார், ஒரு பை ரொஹ்லிக்கும் ஒரு பாட்டில் கோஃபோலா குளிர்பானமும் எடுத்துக்கொண்டு. பெருந்தீனிக்காரியை ஏவுவது, பதினோரு நிமிடம் பார்ப்பது, இன்னும் ஒரு பதினோரு நிமிடம் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, மறுபடி ஏவுவது. யர்மிலா எட்டு மணிக்கு வந்தபோது ஆறாம் நம்பரின் பொம்மைக் கண்களும் அவர் கண்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. கழுத்தைச் சுற்றி அந்தச் சூட்டுப் பை.

"வலிக்குதா சார்?"

"குளிருக்கு," என்றார் திரும்பாமல். "மானிட்டரை நகத்தினவங்களே கொண்டுவந்து வெச்சதாச்சே. நல்ல பை."

யர்மிலா காபி எடுக்கப் போனாள். 

பதினோரு மணிக்குள் பன்னிரண்டு முறை முழுதாக ஓடி முடிந்திருந்தது. ஒருமுறைகூட உறையவில்லை, ஒரு புரோகிராமும் கொலையாகவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தவன் பன்னிரண்டு முறையும் எழுந்து, தன் வேலையைச் செய்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தான். டாலிபோர் தன் பேரைத் தானே டைப் செய்து சேர்த்தார். நார்வேயில் இருந்துகொண்டு இந்தப் பகுதி பேட்ச்களை வாங்கி உள்ளே சேர்க்கிற தோர்கெய்ர் என்பவர், உலகத்திலேயே சிக்கனமாகக் கடிதம் எழுதுகிறவர், இருபது நிமிடத்தில் பதில் போட்டார்: 'சேர்த்தாயிற்று. பழைய பேட்ச்சுக்கு நானும்தான் தலையாட்டினேன். அந்த ஆளை இனி யாரும் தொட வேண்டாம்.'

வெளியீடு பதினொன்றரைக்கே போய்விட்டது. சாப்பாட்டு வரிசையில் அன்றைக்கு ஸ்விச்கோவா, க்ரீம் குழம்பும் மாட்டிறைச்சியும் மாவுருண்டையும். யர்மிலா தட்டோடு நின்றாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கொஞ்சம் நகருங்க, இஞ்சினியர் மேடம்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சமையற்காரி கரண்டியை நிறுத்தினாள்.

"சார், பந்தயத்தைத்தான் ரத்து பண்ணிட்டேனே. தப்பு என்னோடதுன்னு..."

"எங்க நிக்குதுன்னு காட்டுறதுதான் பந்தயம். யாரு நிறுத்தினதுன்னு இல்ல," என்றார் டாலிபோர். "ஒரு வருஷம். கணக்கு வெச்சிருக்கேன், இஞ்சினியர் மேடம்."

ரடிம் வரிசையின் கடைசியில் இருந்து, "எனக்கும் பட்டம் வேணும், நான் என்னத்தை ஒடைக்கட்டும்?" என்று கத்தினான்.

சாப்பிட்டு வந்து யர்மிலா சட்டத்தைக் கழற்றினாள். ரடிம் அவள் அதைக் குப்பையில் போடப்போகிறாள் என்று நினைத்தான். அவள் பழைய தாளை எடுக்காமல், புதிய தாளை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் தெரிகிற மாதிரி நெருக்கி மூடி மாட்டினாள். ஒன்றில் ஒரு சொல் போகிறது, இன்னொன்றில் அதே சொல் வருகிறது. கொஞ்சம் கோணலாகத்தான் தொங்கியது. நேராக்கவில்லை.

பிறகு ஆறாம் நம்பருக்குள் நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கிறவர்களின் பட்டியலைக் கேட்டாள். நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவே அவன் இருந்தான். காலையில் எழுந்ததோடு சரி, ஒரு வேலையும் இல்லை, தூக்கம். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.